முதலில் கையில் ஜெல்லி ஒட்டட்டும்: மாணவர்களுக்கு ஈசிஜி சொல்லிக்கொடுப்பது எப்படி

மெடிசின் வார்டில் புதுசாக ஒரு பேட்ச் மாணவர்கள் உங்கள் கையில் வந்திருக்கிறார்கள், ஈசிஜி சொல்லிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள் என்றால், முதல் மூன்று நாள் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். புரொஜெக்டரும் வேண்டாம். மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கட்டில் பக்கத்தில் நிறுத்துங்கள், அங்கிருந்து தொடங்குங்கள். ஈசிஜியை எடுக்கத் தெரியாதவனுக்கு ஈசிஜியைப் படிக்கவும் தெரியாது. நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான், கீழே எழுதுவதெல்லாம் அதை எப்படி நடத்துவது என்பதுதான்.

எனக்கு இது புரிந்தது ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி, ராத்திரி டியூட்டி. தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் இருந்து மூச்சுத்திணறல் என்று ஒரு பாட்டாவைக் கொண்டுவந்தார்கள். அவசரத்தில் யாரோ வயரை மாட்ட, யாரோ பட்டனை அமுக்க, காகிதம் என் கைக்கு வந்தபோது லீட் 1, அதாவது இரண்டு கைக்கும் நடுவில் உள்ள மின் வித்தியாசத்தை எழுதுகிற கோடு, முழுக்கத் தலைகீழாக இருந்தது. பி அலை (மேலறை துடிப்பது) கீழே, க்யூஆர்எஸ் (கீழறை துடிப்பது) கீழே, டி அலை (கீழறை ஓய்வுக்குத் திரும்புவது) கீழே. நான் படித்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, "இதயம் வலது பக்கம் இருக்கு" என்று அவர் மகளிடம் சொல்லிவிட்டேன். அந்த அக்கா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார், அவர் தம்பி திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்க ஓடினார், நடுராத்திரி சுமார் 70 கிலோமீட்டர். அதற்குள் சீனியர் வந்து காகிதத்தை வாங்கி, நெஞ்சில் ஆறு இடத்தில் ஒட்டி எடுக்கிற லீடுகளைப் பார்த்து, வி1-இல் இருந்து வி6 வரை ஆர் அலை (க்யூஆர்எஸ்-இன் மேல்நோக்கிய கூர்) ஒழுங்காக வளர்ந்துகொண்டு போவதைக் காட்டி, "மக்களே, இதயம் இருந்த இடத்துலதான் இருக்கு, நீங்க கை வயரை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார். சிவப்பையும் மஞ்சளையும் மாற்றினோம், புதுக் காகிதம் சாதாரணமாக வந்தது. மூச்சுத்திணறலுக்குக் காரணம் நுரையீரலில் இருந்தது. அந்த அக்கா அழுத அழுகை இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. எந்த வயர் எந்தக் கையில் போகிறது என்று அதுவரை நான் ஒரு தடவைகூட என் கையால் மாட்டிப் பார்த்ததில்லை.

முதல் நாள்: ஒருவருக்கு ஒருவர்

மாணவர்களையே படுக்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள், நடுவில் திரை, விருப்பம் இல்லாதவர்களை வற்புறுத்தக் கூடாது. சட்டையைக் கழற்றிக்கொண்டு தெரியாதவர் முன்னால் மல்லாந்து படுப்பது எப்படி இருக்கும், ஜெல்லி எவ்வளவு சில்லென்று இருக்கும், எலக்ட்ரோடை நெஞ்சில் ஒட்டவைக்கிற அந்த ரப்பர் பல்பு தோலை இழுத்துப் பிடிக்கும்போது எப்படிச் சுருக்கென்று வலிக்கும், இதெல்லாம் அவர்கள் உடம்புக்குத் தெரிய வேண்டும். அப்புறம் நோயாளியிடம் பேசும்போது குரல் தானாக மாறும்.

பேசுவது என்றதும் ஒன்று. நம்ம ஊரில் வயதானவர்கள் பலர் வயரைப் பார்த்ததும் "கரண்டு வைக்கப் போறியளா?" என்று கேட்பார்கள். பயத்தில் கையை இறுக்கிக்கொள்வார்கள், தசை நடுங்கும், காகிதம் முழுக்கக் கிறுக்கலாக வரும். அதனால் மாட்டுவதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்லப் பழக்குங்கள்: "பாட்டா, இது ஷாக் அடிக்காது, உங்க நெஞ்சு ஓடுறதை எழுதி எடுக்கும், அவ்வளவுதான், கையைத் தளர்த்தி வைச்சுக்கிட்டு சும்மா படுத்திருங்க." ஃபில்டர் பட்டனைவிட இந்த வாக்கியம் நல்ல காகிதம் தரும்.

பெண் நோயாளிக்கு எடுக்கும்போது பெண் மாணவியோ நர்ஸோ கூட இருக்க வேண்டும், திரை இழுத்திருக்க வேண்டும், எலக்ட்ரோடு வைக்கிற இடத்தை மட்டும் விலக்கிவிட்டு மற்றதைத் துணியால் மூட வேண்டும். வி4, வி5, வி6 மார்பகத்துக்குக் கீழே விலா மேல் உட்கார வேண்டும், மார்பகத்தின் மேல் அல்ல. கூச்சத்தால் பையன்கள் மேலேயே எங்கேயோ ஒட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நாம் மாரடைப்பா இல்லையா என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். "அம்மா, இதை நீங்களே கையால கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கோங்க" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

தோல், ஜெல்லி, இடம்

நெஞ்சு வலி என்று வருகிற ஆளின் நெஞ்சில் நம்ம மாவட்டத்தில் கட்டாயம் ஏதாவது ஒன்று தடவியிருக்கும். தேங்காய் எண்ணெய், தைலம், சில சமயம் இரண்டும். குலசேகரம், அருமனை பக்கம் பால்வெட்டிவிட்டு நேரே வருகிறவர்களுக்கு முன்கையில் ரப்பர் பால் காய்ந்து முடியோடு ஒட்டியிருக்கும். மீன்பிடித்துறைமுகத்தில் இருந்து வருகிறவர்களுக்கு உப்பும் எண்ணெயும். எண்ணெய் மேல் எலக்ட்ரோடு நிற்காது, நின்றாலும் கோடு அலையும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள், நெஞ்சில் முடி அடர்த்தியாக இருந்தால் அந்த ஆறு இடத்தில் மட்டும் சிரைக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்.

ஜெல்லி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "ஒட்டுறதுக்கு" என்பார்கள். அப்போது ஐந்தோவன் கதையைச் சொல்லலாம், இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் வில்லெம் ஐந்தோவன் 1900-களின் தொடக்கத்தில் செய்த கருவி சுமார் 270 கிலோ எடை, இயக்க ஐந்து பேர் வேண்டும். ஒட்டுகிற எலக்ட்ரோடு எதுவும் அப்போது கிடையாது. நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர்ப் பாத்திரங்களில் முக்கிக்கொண்டு உட்கார வேண்டும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உலர்ந்த தோல் சரியாகக் கடத்தாது. அந்தப் பாத்திரத்தின் வேலையைத்தான் இன்று ஒரு சொட்டு ஜெல்லி செய்கிறது. பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்ததும் அவர்தான், 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த உப்புத்தண்ணீர்க் கதை ஒரு தடவை சொன்னால் போதும், ஜெல்லி போடாமல் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் அளவாகப் போட வேண்டும். வி1-இல் இருந்து வி3 வரை ஒரே பூச்சாகப் பூசிவிட்டால் மூன்று லீடும் ஒன்றாகி, மூன்றும் ஒரே மாதிரி வரும்.

இடத்தைக் கண்ணால் பார்த்து வைக்க விடாதீர்கள், விரலால் தேட வையுங்கள். கழுத்துக் குழியில் இருந்து மார்பெலும்பின் மேல் விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டும், அதுதான் ஆங்கிள் ஆஃப் லூயி, அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா எலும்பு, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணி நான்காவது இடைவெளிக்கு வர வேண்டும். மார்பெலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அப்புறம் வி3-ஐ விட்டுவிட்டு வி4-ஐ வைக்க வேண்டும்: ஐந்தாவது இடைவெளி, காரை எலும்பின் நடுவில் இருந்து நேர் கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி4 இருக்கிற அதே மட்டத்தில் படுக்கைவசமாகப் போய் அக்குளின் முன்கோட்டில் வி5, நடுக்கோட்டில் வி6. விலா எலும்பு பின்னால் போகப் போக மேலே ஏறும், மாணவர்களும் அதோடு சேர்ந்து ஏறிவிடுவார்கள், அங்கே பிடித்து நிறுத்துங்கள்.

பெரும்பாலும் நடக்கிற தவறு வி1, வி2-ஐ ஒரு இடைவெளியோ இரண்டு இடைவெளியோ மேலே வைப்பது. அப்படி வைத்தால் முன்பக்க லீடுகளில் ஆர் அலை சின்னதாகி, ஏதோ பழைய மாரடைப்பு இருந்த மாதிரி காட்டும். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரே ஆளுக்குச் சரியான இடத்தில் ஒன்று, இரண்டு இடைவெளி மேலே ஒன்று என்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கை கால் வயருக்கு நம்மிடம் இருக்கிற மெஷின்களில் வழக்கமாக வருகிற நிறம்: வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. நோயாளிக்கு எதிரே நின்று பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற திசையில் சிக்னல் விளக்கு வரிசை, மிச்சம் கறுப்பு. கால் எடுத்த சர்க்கரை நோயாளி என்றால் மிச்சமிருக்கிற தொடையில் வைக்கலாம், இன்னொரு காலிலும் அதே உயரத்தில்.

வேண்டுமென்றே தப்பாக மாட்டுங்கள்

இரண்டாவது நாள் முழுக்க இதுதான். சரியாக எடுத்த காகிதம் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு, வயரை ஒவ்வொரு விதமாக மாற்றிப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையும் மாறினால் லீட் 1 தலைகீழ், 2-ம் 3-ம் இடம் மாறும், வலது தோளில் இருந்து பார்க்கிற ஏவிஆரும் இடது தோளில் இருந்து பார்க்கிற ஏவிஎல்லும் இடம் மாறும், கால் பக்கம் இருந்து பார்க்கிற ஏவிஎஃப் அப்படியே இருக்கும். வலது கையும் வலது காலும் மாறினால் லீட் 2 கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும், ஏனென்றால் அப்போது லீட் 2 அளப்பது ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஏன் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள், அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். லீட் 1 என்பது இடது கை கழித்தல் வலது கை, 2 என்பது இடது கால் கழித்தல் வலது கை, 3 என்பது இடது கால் கழித்தல் இடது கை. இதை மட்டும் போர்டில் எழுதி வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துவிடுவார்கள், பிடித்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இடது கையும் இடது காலும் மாறினது மட்டும் கஷ்டம், பழைய காகிதத்தோடு ஒப்பிடாமல் சீனியர்களுக்கும் தெரியாமல் போகும்.

இதற்கு அப்புறம் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் லீட் 1-ஐயும் ஏவிஆரையும் பார்ப்பது பழக்கமாகிவிடும். லீட் 1 கீழ்நோக்கி, ஏவிஆர் மேல்நோக்கி என்றால் வாயைத் திறப்பதற்கு முன்னால் வயரைப் பார்.

மெஷின் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வினாடிக்கு 25 மி.மீ. வேகம், ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரம், காகிதத்தின் ஓரத்தில் அந்தப் பெட்டி மாதிரி வருகிற அளவுக்குறி 10 சின்னக் கட்டம் உயரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது அரை அளவில் வைத்துவிட்டுப் போயிருந்தால் எல்லா அலையும் பாதியாகத் தெரியும். கோடு முழுக்கச் சீப்புப் பல் மாதிரி ஒரே சீராக மெல்லிய அலை இருந்தால், ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு அலை வீதம் எண்ண முடிந்தால், அது 50 ஹெர்ட்ஸ், சுவர் மின்சாரம். பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும், கட்டிலின் இரும்பில் நோயாளியின் கையோ காலோ தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சீரில்லாத கிறுக்கல் என்றால் தசை நடுக்கம், குளிர் அல்லது பயம், ஒரு போர்வை போதும். கோடு மொத்தமாக ஏறி இறங்கினால் மூச்சு அல்லது தளர்ந்த எலக்ட்ரோடு. ஃபில்டரைப் போட்டு அழகாக்குவது கடைசி வழி. எஸ் அலைக்கும் டி அலைக்கும் நடுவில் உள்ள, மாரடைப்பைக் காட்டுகிற எஸ்.டி. பகுதியின் வடிவத்தையே சில ஃபில்டர்கள் மாற்றிவிடும்.

எடுத்த கையோடு பெயர், வயது, தேதி, நேரம், எடுக்கும்போது வலி இருந்ததா இல்லையா, இவ்வளவையும் காகிதத்தில் எழுத வேண்டும். வலி இருந்ததா என்பதை எழுதாத காகிதம் பாதி உபயோகம்தான்.

படிக்க ஆரம்பிக்கும்போது

மெஷின் மேலே அச்சடித்துத் தருகிற முடிவை மடித்துவிட்டுக் காகிதத்தைக் கொடுங்கள். அதைப் பார்த்துவிட்டால் கண் அதைத்தான் தேடும்.

விதி ஒன்றே ஒன்று: நோயின் பெயரை முதலில் சொல்லக் கூடாது. பெயர், நேரம், அளவுக்குறி, லீட் சரியா, வேகம், ஒழுங்கு, அச்சு, இடைவெளிகள், அப்புறம் ஒவ்வொரு அலை, அப்புறம் பழைய காகிதத்தோடு ஒப்பீடு. எல்லாம் சொன்ன பிறகு கடைசி வாக்கியத்தில் மட்டும் நோயின் பெயர். நன்றாகப் படிக்கிற மாணவர்களுக்குத்தான் இது கஷ்டம், பார்த்ததும் கத்திவிடுவார்கள். கத்தினது சரியாக இருந்தாலும் திரும்ப முதலில் இருந்து சொல்ல வையுங்கள்.

வேகத்துக்கு இரண்டு ஆர் அலைக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் (5 சின்னக் கட்டம் சேர்ந்தது) என்று எண்ணி 300-ஐ அதால் வகுத்தால் போதும். 4 கட்டம் என்றால் 75. ஒழுங்கில்லாத துடிப்பில் இது பொய் சொல்லும், அங்கே 30 பெரிய கட்டத்துக்குள், அதாவது 6 வினாடிக்குள், எத்தனை க்யூஆர்எஸ் என்று எண்ணி பத்தால் பெருக்க வேண்டும். ஒழுங்கைப் பார்க்க ஒரு வெற்றுக் காகிதத்தின் விளிம்பை லீட் 2-இன் நீளமான ஸ்ட்ரிப் மேல் வைத்து ஆர் அலைகளுக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டு, காகிதத்தை நகர்த்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். அதே மாதிரி பி அலைகளுக்கு இன்னொரு காகிதம். முழு அடைப்பு உள்ள, அதாவது மேலறையின் மின் துடிப்பு கீழறைக்குப் போகவே போகாத, ஒரு முதியவரின் ஸ்ட்ரிப்பில் பி தன் பாட்டுக்கு ஒரு சீராகவும் க்யூஆர்எஸ் தன் பாட்டுக்கு வேறு சீராகவும் போவதை இந்த இரண்டு காகிதத்தால் தானே கண்டுபிடித்த மாணவி அதை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டாள்.

அச்சுக்கு, அதாவது இதயத்தின் மின் அலை மொத்தமாகப் போகிற திசைக்கு, லீட் 1-ம் ஏவிஎஃப்பும் மேல்நோக்கி இருந்தால் சாதாரணம். 1 மேலே, ஏவிஎஃப் கீழே என்றால் லீட் 2-ஐப் பார், அது மேலே இருந்தால் இன்னும் சாதாரண எல்லைக்குள்தான். பி.ஆர். இடைவெளி (பி தொடங்கி க்யூஆர்எஸ் தொடங்கும் வரை) 3 முதல் 5 சின்னக் கட்டம், க்யூஆர்எஸ் 3 சின்னக் கட்டத்துக்குள். க்யூ.டி.-க்கு (க்யூஆர்எஸ் தொடங்கி டி முடியும் வரை) 1920-இல் பாசெட் என்பவர் கொடுத்த சூத்திரம் இருக்கிறது: வினாடியில் அளந்த க்யூ.டி.-ஐ, ஆர்-ஆர் இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஆண்களுக்கு 0.45, பெண்களுக்கு 0.46 வினாடியைத் தாண்டினால் என்ன மருந்து சாப்பிடுகிறார், பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். வார்டில் நின்றுகொண்டு பார்க்க, வேகம் சாதாரணமாக இருக்கும்போது க்யூ.டி. ஆர்-ஆர் தூரத்தில் பாதியைத் தாண்டினால் சந்தேகப்படு என்பது போதும்.

பன்னிரண்டு லீட் எதற்கு என்று எல்லா பேட்சிலும் ஒருவர் கேட்பார். நான் விவேகானந்தர் பாறையைச் சொல்வேன். படகுத்துறையில் நின்று பார்த்தால் ஒரு வடிவம், சின்னமுட்டம் பக்கம் நின்று பார்த்தால் வேறு வடிவம், கடலில் வள்ளத்தில் இருந்து பார்த்தால் இன்னொன்று, பாறை ஒன்றுதான். 2, 3, ஏவிஎஃப் மூன்றும் இதயத்தைக் கீழே இருந்து பார்க்கின்றன. 1, ஏவிஎல், வி5, வி6 இடது பக்கம் இருந்து. வி1 முதல் வி4 வரை முன்னால் இருந்து. மின் அலை தன்னை நோக்கி வந்தால் எலக்ட்ரோடு மேலே எழுதும், விலகிப் போனால் கீழே எழுதும். வலது தோளில் இருந்து பார்க்கிற ஏவிஆருக்கு எல்லாம் விலகித்தான் போகிறது, அதனால் அது கீழ்நோக்கி. இவ்வளவு புரிந்தால் மனப்பாடம் பண்ண வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

"வாயு கேறிச்சு"

இதில் நிறைய நேரம் செலவழியுங்கள், இங்கே தவறினால் உயிர் போகும். நம்ம மாவட்டத்தில் மாரடைப்பு என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. "வாயு கேறிச்சு", "நெஞ்சு எரியுது", "ராத்திரி சாப்பிட்டது செமிக்கல" என்றுதான் வருவார்கள். சோடா குடித்து, சுக்குத்தண்ணி குடித்து, ரெண்டு மணி நேரம் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறியிருப்பார்கள். இதயத்தின் கீழ்ப்பக்கச் சுவர் அடிபடும்போது வலி வயிற்றின் மேல்பகுதியில் வரும், வாந்தி வரும், அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. அதனால் தாடையில் இருந்து தொப்புள் வரை எங்கே வலி என்று சொன்னாலும், நடுவயது தாண்டியிருந்தால், வாசலுக்குள் வந்து 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுத்து, அதை ஒரு டாக்டர் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் வலியே இல்லாமல் வெறும் வியர்வையோடும் வருவார்கள்.

அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் எஸ்.டி. 1 மி.மீ. உயர்ந்திருந்தால் கணக்கில் எடு. வி2, வி3 மட்டும் விதிவிலக்கு: 40 வயதுக்கு மேல் ஆண்களுக்கு 2, அதற்குக் கீழே 2.5, பெண்களுக்கு 1.5 மி.மீ. எண்ணைச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் எண்ணோடு நிற்காதீர்கள். 2, 3, ஏவிஎஃப்-இல் லேசாக உயர்ந்திருக்கிறது, ஏவிஎல்-இல் கீழே இறங்கியிருக்கிறது என்றால் அந்த எதிர்ப்பக்க இறக்கம்தான் பெரிய சாட்சி, சில சமயம் அது உயர்வுக்கு முன்னாலேயே வந்துவிடும்.

கீழ்ச்சுவர் என்று கண்டதும் உடனே வலது பக்கம் வி4-க்குச் சமமான இடத்தில் எலக்ட்ரோடை வைத்து இன்னொரு காகிதம் எடுக்க வேண்டும். அங்கே அரை மி.மீ. உயர்ந்திருந்தாலே வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம், அந்த ஆளுக்கு நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்தால் பிரஷர் சட்டென்று விழுந்துவிடும். அதே மாதிரி வி1 முதல் வி3 வரை எஸ்.டி. இறங்கி, ஆர் உயரமாக இருந்தால், நோயாளியை லேசாகத் திருப்பி, வி6-இன் அதே மட்டத்தில் முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 எடு. முதுகுப் பக்கச் சுவரின் அடைப்பு முன்னால் தலைகீழாகத்தான் தெரியும். இந்த இரண்டு காகிதமும் எடுக்க இரண்டு நிமிஷம் ஆகாது, எடுக்கத் தெரியாததால்தான் விட்டுப்போகிறது. முதல் மூன்று நாள் மெஷினோடு கழித்தவர்கள் தயங்க மாட்டார்கள்.

முதல் காகிதம் சாதாரணமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வலி இருக்கிற வரை 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்ப எடு. அதே ஆள், அதே எலக்ட்ரோடு இடங்கள், அதற்காகத் தோலில் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

எஸ்.டி. உயர்வெல்லாம் மாரடைப்பு இல்லை என்பதையும் காட்டுங்கள்: இளைஞர்களுக்கு இயல்பாகவே வருவது, இடது கட்டு அடைப்பு (இதயத்தின் இடது மின்பாதை அடைபடுவது), சுவர் தடித்த இதயம், இதய உறையின் அழற்சி. இவற்றை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருக்காமல் பத்துக் காகிதத்தைக் கலந்து போட்டு எது அவசரம் என்று பிரிக்கச் சொன்னாலே நன்றாகப் பதியும்.

இரண்டு விஷயம் மட்டும் கூடுதலாக. டயாலிசிஸ் நோயாளி தளர்ச்சி என்று வந்தால் டி அலையைப் பார்: அடி குறுகி, உச்சி கூர்ந்து, கூடாரம் மாதிரி நின்றால் பொட்டாசியம் ஏறியிருக்கிறது. பி மறைந்து க்யூஆர்எஸ் அகன்றுகொண்டே போனால் ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, கால்சியம் போட வேண்டிய நேரம். இன்னொன்று, மஞ்சள் அரளி. நம்ம ஊர் வேலியில் நிற்கிற செடிதான், அதன் விஷம் இதயத்தைத்தான் பிடிக்கும். துடிப்பு மெதுவாகும், பி.ஆர். நீளும், பி-க்கள் விட்டுப்போகும், எஸ்.டி. தொட்டில் மாதிரி தொய்யும். வரும்போது நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், காகிதமும் சுமாராக இருக்கும், சில மணி நேரம் கழித்து மாறும். அதனால் மானிட்டரில் வைத்துத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று மாணவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள், மனசு உடைந்து வந்தவரை வைத்துக்கொண்டு பாடம் நடத்தக் கூடாது, வெளியே வந்து நடத்துங்கள்.

மஞ்சப்பையும் போனும்

பழைய காகிதம் இருந்தால் சந்தேகங்களில் பாதி தீர்ந்துவிடும். நம்ம வீடுகளில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் ஒரு மஞ்சப்பையில் பீரோவுக்கு மேலே இருக்கும். "அந்தப் பையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று கேட்பதையும் ஈசிஜி படிப்பதில் ஒரு படியாகவே சொல்லிக்கொடுங்கள். வெப்பக் காகிதம் என்பதால் எழுத்து மங்கிப்போகும், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். தூத்தூர், சின்னத்துறை பக்கம் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்களிடம் இன்னும் ஒரு படி மேலே போய், சாதாரணமாக இருக்கும்போது எடுத்த காகிதத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வீட்டிலும் ஒரு படம் இருக்கட்டும். வேறு எந்தத் துறைமுகத்தில் கரை ஏறினாலும் அங்கே இருக்கிற டாக்டருக்கு அது உதவும்.

போன் என்றதும் என்னிடம் உள்ள நல்ல பயிற்சியைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தோவன் 1905-இலேயே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரின் ஈசிஜியை டெலிபோன் கம்பி வழியாக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த தன் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். நாம் இன்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், ஆனால் சிக்னல் இல்லாத ராத்திரியில் பேச்சிப்பாறை பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து லேண்ட்லைனில் பேச வேண்டிவந்தால்? ஒரு மாணவரிடம் காகிதத்தைக் கொடுங்கள். இன்னொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு போர்டு முன்னால் நிற்கட்டும். முதலாமவர் வாயால் சொல்ல வேண்டும், நோய்ப் பெயர் எதுவும் வரக் கூடாது, இரண்டாமவர் கேட்டதை வரைய வேண்டும். முடிந்ததும் காகிதத்தையும் போர்டையும் ஒப்பிடுங்கள். "எஸ்.டி. கொஞ்சம் மேலே" என்று சொன்னவர் அடுத்த தடவை "வி2 முதல் வி4 வரை எஸ்.டி. 3 மி.மீ. உயர்வு, 3-லும் ஏவிஎஃப்-லும் 1 மி.மீ. இறக்கம்" என்று சொல்வார். இதை வாரம் இரண்டு தடவை செய்தால் எழுத்துத் தேர்வே வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயரும் ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்) வெட்டி எடுத்த பழைய காகிதங்களை ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள், பாதி சாதாரணமானவையாக இருக்கட்டும். நோயுள்ள காகிதம் மட்டுமே பார்த்து வளர்ந்தவருக்குச் சாதாரணமானதைச் சாதாரணம் என்று சொல்லத் துணிவு வராது. ஒரு மாதம் முன்னால் காட்டினதையே சொல்லாமல் திரும்பக் கொடுங்கள்.

மதிப்பெண் போடும்போது நான் ஒன்று பார்ப்பேன். காகிதம் வெளியே வந்ததும் எல்லாரும் அதைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடிவிடுவார்கள், நோயாளி நெஞ்சு முழுக்க ஜெல்லியோடு கிடப்பார். காகிதத்தில் எஸ்.டி. உயர்ந்திருந்தால் ஒருவர் ஓட வேண்டியதுதான், கூட இருப்பவர் கட்டிலை விட்டு நகரக் கூடாது. அவசரம் இல்லாத காகிதம் என்றால் எடுத்தவரே நின்று முடிக்க வேண்டும். பல்பைப் பிடித்து இழுக்காமல் அமுக்கிக் காற்றை விட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் கட்டி வட்டமாகத் தழும்பு விழும். அப்புறம் பஞ்சால் ஆறு இடத்தையும் கை கால்களையும் துடைத்து, சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டு, "முடிஞ்சுது பாட்டா, டாக்டர் பார்த்துட்டு வந்து சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு, பல்பையும் கிளாம்ப்பையும் ஜெல்லி காய்வதற்குள் கழுவித் துடைத்து, வயரைச் சிக்கில்லாமல் சுற்றி மாட்டிவிட்டுத்தான் வெளிச்சத்துக்குப் போக வேண்டும்.